இரண்டு பாரம்

சனிக்கிழமை, மெலூர் பாலாய் ராயாவில்
கூட்டத்துக்கு முன்னால் மீகோரெங்,
கூட்டத்துக்குப் பிறகு பாரம்.

திரையில் காடு முழுப்பச்சையாக இருந்தது.
நில அலுவலக ஹஃபிசுல் ஒரு பித்தானை அழுத்தினார்.
மஞ்சள், மரப்பண்ணை. சாம்பல், கல்லுடைப்பு.
நீலத்தில் கூடாரம் போடும் இடம்.
இளஞ்சிவப்பு, நூற்றுப் பன்னிரண்டு மனை.
"காடு எங்கும் போகவில்லை,
பெயர்தான் மாறுகிறது" என்றார்.
காப்புக்காடு இனி பல்பயன் நிலம்.

கடைசி வரிசையிலிருந்து தவமலர் கேட்டாள்:
தண்ணீர் எந்த நிறம்?

யாரோ சிரித்தார்கள்.
அவர் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்,
கட்டங்கட்டமாய் உடைந்தது படம்.
தண்ணீர் தெரியவில்லை.

எனக்கு அந்தக் காடு தெரியும் என்று சொல்லமாட்டேன்.
முப்பத்தொரு வருஷம் அதன் ஓரத்தில் செம்பனைக் குலை வெட்டினேன்.
வேலி தாண்டியது இரண்டே தடவை:
மானேஜர் நாயைத் தேடி,
பெத்தாய் பறிக்க.
இரண்டாவதில் ரேஞ்சரிடம் மாட்டி
இருநூறு வெள்ளி அபராதம்.
அப்போது அது அவ்வளவு கண்டிப்பான காடு.

தோட்டம் கைமாறியபோது
லயத்தைக் காலிசெய்ய ஒன்பது மாதம் தந்தார்கள்.
இப்போது ஆ கியோங் டயர் கடைக்கு மேல்மாடி.
வெயில் ஏற ஏற ரப்பர் வாடை படியேறி வரும்.
பால்மரம் போய் எத்தனை வருஷம்,
வாடைக்கு மட்டும் நோட்டீஸ் போகவில்லை.

இரவு, மேசையில் இரண்டு தாள்.
வெள்ளை, ஆட்சேபம்; முப்பது நாளுக்குள்.
இளஞ்சிவப்பு, மனைக்கு விண்ணப்பம்; முந்தியவருக்கு முதலில்.
இரண்டையும் இங்கே பாரம் என்றுதான் சொல்கிறோம்.
யார் வைத்த பெயரோ,
தப்பில்லை.

வெள்ளையில் எழுதினேன்:
குழாய்த் தண்ணீர் அந்த மலையிலிருந்து வருகிறது.
தெனுக் ஒன்றைக் குட்டியோடு பார்த்திருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தில் இரண்டு கோடுதான் விட்டிருந்தார்கள்,
ஓரத்தில் ஏறி எழுதினேன்.
இளஞ்சிவப்பில்:
குடும்பத்தில் ஐந்து பேர். சொந்த நிலம், இல்லை.
அதற்கு ஒரு கட்டம் போதுமாக இருந்தது.

ஒரே பேனா. ஒரே அடையாள அட்டை எண்.

திங்கட்கிழமை முகப்பில் இருந்த பெண்
தாளைப் பார்த்தாள், மற்றத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது வேற தட்டு, அது வேற தட்டு, அங்கிள்."
இரண்டிலும் முத்திரை குத்தினாள்,
சத்தம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

வெளியே, மலைமேல் மேகம் தாழ இறங்கியிருந்தது.
வாசல் குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.
இன்னும்
சில்லென்றுதான் வருகிறது.