ஒட்டு

சந்தூர் மேட்டில் எழுபத்திரண்டு மரம்.
மூன்று வருசக் குத்தகை.
பத்திரத்தில் கெம்பம்மா, க/பெ திம்மராயன்
என்று ஒரே பெயர்தான்.
மற்ற பங்காளிகள் யாரும்
கைநாட்டு வைக்க வரவில்லை.

பூவில் தத்துப்பூச்சி.
பிஞ்சில் அணில்.
காய் முற்றினால் ராத்திரி வௌவால்,
ஒன்றைப் பாதி கடித்துப் போட்டுவிட்டு
அடுத்ததற்குப் போகும்,
பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி.
இவர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு.
மருந்து, தகர டப்பா, வெடி,
மிச்சத்துக்கு வாயில் வருகிற வார்த்தை.

புல்லுருவி அப்படியில்லை.
கட்டைவிரல் பருமன் குருவி ஒன்றின்
பின்பக்கம் வழியாக வருகிறது.
பழத்தை முழுசாக விழுங்கும் குருவி.
கொட்டை பசையோடு வெளியே வரும்,
நூலாக இழுபடும், விழாது.
கிளையில் உட்கார்ந்து தேய்க்கும் பாருங்கள்
வலமும் இடமுமாக,
சாணி மிதித்தவன் செருப்பைத் தேய்ப்பதுபோல்.
அவ்வளவுதான் விதைப்பு.
உழவு இல்லை, மழை இல்லை.
பட்டைக்குள் ஒரு பல் இறங்குகிறது.

"அது முழுத் திருடன் இல்லைக்கா, பாதிதான்"
என்றான் வேளாண்மை ஆபீஸ் பையன்.
"இலை பச்சையாக இருக்கிறதே,
சோறு தானே ஆக்கிக்கொள்ளும்.
மரத்துக்கிட்ட எடுப்பது தண்ணீர் மட்டும்."

தண்ணீர் மட்டும்!
சித்திரையில் டேங்கருக்கு
நான் என்ன கொடுக்கிறேன் என்று
அவனுக்குத் தெரியாது.

காய் இறக்கி முடித்த ஆவணியில்
ஏணி, அரிவாள், முழுக்கைச் சட்டை.
சட்டைக்குள்ளும் முசுறு வந்தது.
அதன் கூட்டைத் தொட்டது நான், கோபம் நியாயம்.

பதினெட்டாவது மரத்தில் ஒரு கொத்து.
அதில் புழுக்கள், இருபதுக்குக் குறையாது,
பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக
புல்லுருவி இலையை மட்டும் தின்றுகொண்டிருந்தன.
கூலி கேட்காமல் வேலைக்கு வந்தவை.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அவை தின்று முடிக்கும் வேகத்துக்கு
என் குத்தகை காணாது.
வெட்டினேன்.
கீழே ஆடுகள் காத்திருந்தன,
அவற்றுக்குப் புல்லுருவி கல்யாணச் சாப்பாடு.
புழுவோடு சேர்த்தே தின்றன.

வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம்
ஓசூரில் கம்பெனி வைத்திருப்பவர் தோட்டம்.
கேட்டில் பூட்டு, பூட்டில் துரு.
தை மாசம் அங்கே மாம்பூவைவிட
புல்லுருவிப் பூதான் அதிகம்,
தேன்சிட்டுகள் மொட்டை நெருடித் திறக்கும்
சின்னச் சத்தம் இங்கே கேட்கும்.
குருவிக்கு சர்வே நம்பர் தெரியாது.
வருசா வருசம் நான் வெட்டுவேன்,
வருசா வருசம் அங்கிருந்து வரும்.

கூழ் பேக்டரி போன ஆனியில்
கிலோ ஐந்து ரூபாய் என்றது.
லாரி வாடகை என் கணக்கு, கழிவு என் கணக்கு.
அந்த உயரத்துக்கு என்னிடம் ஏணி இல்லை.

வெயில் சாயும்போது
நாற்பத்தொன்றாவது மரத்தடியில் பார்த்தேன்,
ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர்.
செம்பு நிறம், ஒரு முழம்.
மேலே இருக்கிற பெங்களூரா இல்லை அது.
வேரின் சொந்தக்காரன், நாட்டுமரம்.
அதன் கழுத்தை யாரோ சீவி
இன்னொன்றைச் செருகி
வாழைநாரால் கட்டிய நாள்முதல்
முப்பது வருசம் தண்ணீர் ஏற்றிக் கொடுத்துவிட்டு
இப்போது நாலு இலை விட்டிருக்கிறது.
விட்டால் காய்க்கும்.
புளிப்பு, நார், கையளவுகூட வராது,
பேக்டரி திரும்பிப் பார்க்காது.
இதைக் கண்டதும் ஒடிப்பது தோட்ட வழக்கம்.
நான் ஐந்நூறு ஒடித்திருப்பேன்,
ஒன்றையும் இப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

அரிவாளில் புல்லுருவிப் பசை காயவில்லை.
அரிவாளைக் கீழே வைத்தேன்.

கையாலேயே ஒடித்தேன்.
நுனியை வாயில் போட்டு மென்றேன்.
துவர்ப்பு. பின்னால் கொஞ்சம் புளிப்பு.
இருட்டுவதற்குள் இன்னும் ஒரு மரம் முடிக்கலாம் என்று
ஏணியைத் தூக்கினேன்.