வண்டு

சல்லிக் கிராமத்துக் கடற்றொழில் சங்கத்தில்
கை தூக்கச் சொன்னார்கள்:
ட்ரோன் ஒன்று வாங்குவதா, விடுவதா.

பாரைக்கூட்டம் கறுப்பாய்த் திரள்வது
மேலேயிருந்து அப்படியே தெரியுமாம்,
புவிராஜ் கையை விரித்துக் காட்டினான்.
கிணற்றடியில் குளிக்கிற நாங்களும் தெரிவோமே,
என்றாள் ஜெசிந்தா.
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
பதிவு வேணும், கடற்படைக்குக் கடிதம் வேணும்,
கோட்டைப் பக்கம் தலைவைக்கவே கூடாது.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேண்டாம் என்று தூக்கிய கைகளில்
என்னுடையதும் ஒன்று.
காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.
சம்பூரில் நாங்கள் அதை வண்டு என்போம்.
வண்டு சுற்றிவிட்டுப் போனால்
பின்னால் ஷெல் வரும்.
கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு
பங்கருக்கு ஓடிப் பழகிய கால்கள் இவை.

ஐப்பசியில் தம்பியின் படகு திரும்பவில்லை.
இரண்டு இரவு.
மூன்றாம் நாள் விடிய
கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிற ரிஸ்மி
கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான்.
பெட்டி மூடியில்
இதயம் போட்ட ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.
"பற்றரி இருபது நிமிசந்தான் அக்கா."

எழும்பியது.
அதே சத்தம்.

மணலில் குந்திவிட்டேன்.
இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு
தள்ளிப் போ,
இன்னும் தள்ளிப் போ, என்று
கத்தினேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
சரி அக்கா, என்றான் ரிஸ்மி.