காய் நறுக்கும் பலகை

என்னைவிட ஒன்பது வயது இளையது.
தரையோடு தாழ்ந்து கிடக்கும்.
அதற்குள் ஏறுவதில்லை, இறங்குகிறேன்.
வெளியே வரத்தான் ஏற வேண்டும்,
இரண்டு கையும் ஊன்றி,
முழங்கால் ஏதோ முணுமுணுக்க.

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு
அது வந்து நின்ற மாலை
கீழ்வீட்டு அல்போன்ஸ் ஒரு சுற்று வந்து பார்த்தார்.
"வீட்ல மூணு பேரு. சீட்டு ரெண்டா?"
அன்றிலிருந்து ஞாயிறு மதியம்
செல்வினுக்கும் ஜெரூஷாவுக்கும் பூவா தலையா.
தோற்றவர் துணி காயப்போட வேண்டும்.

முன்பு வைத்திருந்தவன்
பின்னால் ஓர் இறக்கை ஒட்டியிருந்தான்,
அடிவயிற்றில் நீல பல்பு,
நாய் குரைக்கும் ஹார்ன்.
ஹேர் டிரையரால் சூடு காட்டி
தூண்டில் நரம்பால் அறுத்து
மூன்று வாரம் உரித்தேன்.
இறக்கை இருந்த இடத்தில்
வெயிலே பார்க்காத சிவப்பு.
மற்றதெல்லாம் அதன் பக்கத்தில்
தண்ணீர் கலந்த ரோஸ்மில்க்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா.
ஜே.சி. ரோட்டில் பேரம் பேசி
கியருக்கு ஈட்டி மரத்தில் ஒரு குமிழ்,
டிக்கி மேல் குரோம் கம்பிகள், லக்கேஜ் கட்ட.
கட்ட லக்கேஜ் எதுவுமில்லை.
கம்மல் எதற்கு என்று
என் காதை யாரும் கேட்டதில்லையே.

மீட்டரில் இருநூறு வரை எண் உண்டு.
சில்க் போர்டில் முள்
பதினொன்றைத் தாண்டியதில்லை.
கூரையை மடித்துவிட்டால் காற்று வரும் என்பார்கள்.
வந்தது தண்ணீர் லாரி.
அதன் சக்கரம் என் தலை உயரம்,
அதன் ஒழுகல் என் இடது தோளில்,
சிக்னல் மாறி, மாறி, மறுபடி மாறும் வரை.

ஜூன் மாதம் இடது கண் எழவில்லை.
பகலில் இமை மூடித் தூங்கும் விளக்குகள் அவை.
சுவிட்சைத் தட்டினால் பானட்டிலிருந்து
ஜோடியாக எழ வேண்டும்.
வலது எழுந்தது.
இடது உள்ளேயே கர்ர் என்று பல்லைக் கடித்தது.
டிரினிட்டி சர்க்கிளில் டிராஃபிக் போலீஸ்காரர்
அபராதம் எழுத மறந்து சிரித்தார்:
"மேடம், நிம்ம காரு கண்ணு ஹொடீதிதெ!"
கண்ணடிக்கிறதாம். முப்பத்திமூன்று வயதில்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல," என்றார் நயாஸ்,
உள்ளங்கையில் கொஞ்சம் மஞ்சள் பொடியைக் காட்டி.
"இதுதான் புஷ். இருந்துச்சு."
சுண்டுவிரல் நுனியளவு.
ஜே.சி. ரோட்டில் எட்டுக் கடை,
சிவாஜிநகர் குஜிரியில் ஒரு முழு வெள்ளிக்கிழமை.
ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம்,
என் ஒரு மாத வாடகைக்கு.

"வீட்ல நைலான் கட்டி மாதிரி எதாச்சும்?
வெட்டுப்பட்டாலும் தேயாதது?"

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தார். "வெங்காயம்."
அதன் நட்டநடுவில் துளை வாள் இறங்க
லேத்தில் வெள்ளைச் சுருள் சுருளாக
ஏழு வருடச் சாம்பார் உதிர்ந்தது.
ஓரத்தில் ஏன் வெட்டவில்லை என்று
பிறகுதான் கேட்கத் தோன்றியது.
"நடுவுலதான் மேடம் தடிமன் சமமா இருக்கும்."

இரவு ஒன்பதுக்கு, கரண்ட் போன தெருவில்,
சுவிட்சைத் தட்டினேன்.
இரண்டும் எழுந்தன.
இடது ஒரு நூல் தாமதமாக,
கூப்பிட்ட பிறகு எழுபவளைப்போல.
அல்போன்ஸ் வீட்டுக் கொடியில்
அவருடைய கட்டம்போட்ட லுங்கி
மேடையேறியது.

சமையலறையில் மெழுகுவர்த்தி.
செல்வின் பீன்ஸோடு நின்றான்,
பலகையைத் தூக்கி
ஓட்டை வழியே என்னைப் பார்த்தான்.
நான் பதில் தயாராக வைத்திருந்தேன், இரண்டு மூன்று.
எதையும் கேட்கவில்லை.
ஓட்டைக்கு நேர் கீழே ஒரு கிண்ணம் வைத்தான்.
நறுக்கினான், கத்தியால் ஓரமாகத் தள்ளினான்,
பொலபொலவென்று விழுந்தது.

"வலது கண்ணுக்கு எப்போ?" என்றான்.