பதினாறு மணி நேரப் பகல்

திருநகர் மூன்றாவது ஸ்டாப்,
இதயச்செல்வி மேடம் வீட்டு மொட்டைமாடியில்
பன்னிரண்டு பல்பு, ஒரு டைமர்.
கோழிக்குஞ்சுக்கா என்றேன்.
செடிக்கு என்றார்.

பெங்களூர் பீர் ஆலையில் பதினோரு வருஷம்
கொதிகலன் பக்கத்தில் நின்றவர்.
தொட்டியில் ஒரு ஹாப்ஸ் கொடி.
ரகம் காஸ்கேட்.
அமெரிக்காவில் ஆரெகன் பக்கம் எடுத்ததாம்.
தாய்வழியில் இங்கிலாந்தும் ருஷ்யாவும்.
தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடத்தில்
காற்று.

அங்கே கோடைப் பகல் ராத்திரி ஒன்பது வரை நீளும்.
நம்மூர்ச் சூரியன் ஆறரைக்கே
நாகமலைக்குப் பின்னால் ஷட்டரை இறக்கிவிடும்.
ஏமாந்த கொடி
முழங்கால் உயரத்திலேயே
வயசாகிவிட்டதென்று பூத்து ஓய்ந்துவிடும்.
அதனிடம் “இன்னும் பொழுதிருக்கு” என்று
தினம் நாலு மணி நேரம் பொய் சொல்ல
எனக்குக் கூலி எண்ணூறு. ஒயர் தனி.

பொய்யை நம்பி ஏறியது,
வலஞ்சுழியாக மட்டும்.
விளையாட்டாய் ஒருநாள் இடப்பக்கம் சுற்றிவிட்டேன்.
மறுநாள் பிரித்துக்கொண்டு
தன் வழிக்குத் திரும்பியிருந்தது.

வெளிச்சத்தில் தூக்கம் வராத
பக்கத்து வீட்டு எல்ஐசி துளசிராம் போன் போட
ஏட்டு வந்தார். இலையைக் கசக்கி மோந்தார்.
“கஞ்சாவாம்மா?”
இல்லை என்று முடித்திருக்கலாம்.
ஆய்வகத்து நாக்கு, சும்மா இருக்குமா?
“அதே குடும்பம்தான் சார். ஆனா அந்தப் போதை கிடையாது.”
இரண்டாவது வாக்கியத்துக்கு முன்பே
நோட்டைத் திறந்துவிட்டார்.
தோட்டக்கலை ஆபீஸ் கடிதம் வரும்வரை
ஒன்பது நாள்
நானும் ஸ்டேஷன் வாசலில்.

ஐப்பசியில் டைமரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.
பதினாலு. பதிமூணு.
பச்சைக் காகிதக் குஞ்சம் மாதிரி
முப்பத்தோரு பூ. பெண்கொடியில்தான் வருமாம்.
ஒன்றைப் பிளந்தார். உள்ளே மஞ்சள் தூள்.
“கொதியில ஆரம்பத்துலயே போட்டா கசப்புதான் தங்கும்.
இறக்குறப்போ போட்டா வாசம்.
இது ரெண்டுக்கும் ஒத்துவரும், வாசத்துக்குத்தான் பேர்.”
பம்ப்ளிமாஸ் என்றார்.
நார்த்தங்காய்த் தோல் என்றேன்.
காபி ஆறும்வரை வாதாடி
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பீர் காய்ச்சினால் மறுபடி ஏட்டு.
பிளாஸ்கில் வெந்நீர், ஒரே ஒரு பூ,
ஆளுக்கு அரை டம்ளர்.
நாக்கின் அடியில் அந்தக் கசப்பு
டிக்கெட் வாங்காமல்
பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தது.

கரண்ட் பில் மூவாயிரத்து நானூறு.
அடுத்த தடவை இருபது பல்பு என்கிறார்.
துளசிராம் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை மாட்டிவிட்டார்.
அதற்குக் கம்பி அடித்ததும்
நான்தான்.