குள்ளனுக்கு ஈயம்

புதிய பொம்மைகள் வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை.
பிளாஸ்ரிக் தசை, பறக்கிற தலைமயிர்,
ஒற்றைக் காலில் பாய்ச்சல்.
தங்களைத் தாங்களே படம் பிடிக்கிற ஆட்கள்.
எனக்கு அது சரிவராது.

எனக்குப் பழைய மாதிரி வேண்டும்.
விரற்கட்டை உயரம். தலை கொஞ்சம் பெரிசு.
அடையாள அட்டைப் படத்துக்கு வந்து நிற்பவர்போல
நேரே பார்க்கும் மந்திரவாதி.
உடம்பைவிட நீளமான வாளோடு ஒருத்தி.
ஒருவன் முதுகில் சுருட்டிய கயிறு:
போகிற இடம் நிலவறை என்று தெரிந்து
வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான் பாருங்கள்,
அந்தப் புத்திக்காகவே வேண்டும்.

கிளிநொச்சியில் யாரிடம் கேட்பது?
ஒரு கடையில் "கொலுவுக்கோ தங்கச்சி?" என்றார்கள்.
இன்னொரு கடையில்
பச்சை பிளாஸ்ரிக் ஆமிக்காரர், பைக்கு ஐம்பது பேர்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கடைக்காரர் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் கரடிப்போக்குச் சந்தி,
யதுகுலனின் ரயர் கடை மேல்மாடி.
புளியங்கொட்டைகள் பூதப்படை.
தலை உடைந்த சதுரங்க மந்திரிதான் மந்திரவாதி.
தைல டப்பி ஒன்று இரண்டு வருடமாக ராட்சதன்;
தடிமன் வந்தால் சுகிர்தன்
ராட்சதனைத் திறந்து மூக்கில் பூசுவான்.
வரைபடத்துக்குப் பஞ்சமில்லை.
ஆனையிறவு, பூதன்வயல், கரடிப்போக்கு:
எங்கள் பஸ் பலகைகளே போதும்.

டெனிஸ்ராவின் மச்சான் ஸ்காபரோவில் ஒரு பழைய சாமான் கடையில்
ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினான்.
ஐந்து மாதம். கொழும்பில் எத்தனை கை மாறியதோ.
தபாற்கந்தோரில் படிவத்தை உரத்து வாசித்தார்கள்:
"ஈயத்தாலான, ஆயுதம் தாங்கிய ஆள். எண்ணிக்கை ஒன்று."
வரிசை முழுக்கத் திரும்பியது.
பிரித்து என் உள்ளங்கையில் வைத்தபோது
அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தா.
"இவரோ?"

இவர்தான். கோடரி, தாடி,
யாரோ ஒருவரின் பெருவிரல் தேய்த்த மூக்கு.
அடியில் ஊசியால் கீறிய ஏழு கோடுகள்.
ஏழு நிலவறையோ, ஏழு சாவோ.

நாங்கள் நாலு பேர், அவன் ஒருவன்.
நான் ஆஸ்பத்திரியில் பல்லுக் கட்டுகிறவள்;
அச்செடுக்கத் தெரியும்.
ஆஸ்பத்திரி உலோகம் கிராம் கணக்கு, தொட ஏலாது.
ஆகவே முல்லைத்தீவு, வலைக்கடை, ஈயக்குண்டு.
"என்ன மீனுக்கு?"
"குள்ளனுக்கு."
எனக்குத் தெரியாத மீனாக்கும் என்று நிறுத்தார்.
பக்கத்தில் நின்றவர் சொன்னார்:
"ஈயமெண்டால் பிள்ளை, ஒரு நேரம்
நிலத்திலயே பொறுக்கலாம்."
நான் வலை ஈயமே வாங்கினேன். ரசீதும் எடுத்தேன்.

ஜன்னல் திறந்து, முகக்கவசம் கட்டி, வெளி அடுப்பில்.
முதலாவது வெறும் கட்டி.
இரண்டாவது நல்லாய் வந்தது, கோடரி வரவில்லை.
மூன்றாவதன் கன்னத்தில் காற்றுக் குமிழ்,
பல்லுவலிக்காரன் மாதிரி; அவனை நான் எடுத்துக்கொண்டேன்.
நாலாவது, ஐந்தாவது பிழையில்லை.
"கோடரி இல்லாதவனைத் தா" என்றான் சுகிர்தன்.
"வழியில ஒண்டு எடுப்பான்."

பூதன்வயல் நிலவறை வாசலில்
ஒரே முகத்தோடு நாலு பேர்.
ஒரு தாய் பிள்ளைகள் என்று கதையைத் திருத்தினேன்.
கனடாக்காரன் மேசை விளிம்பில் நின்று
ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆயுதமில்லாதவன்தான் முதலில் உள்ளே போனான்.
சுகிர்தன் பகடையை எறிய, கரண்ட் போனது.
இருபது பக்கமும் மேசையால் உருண்டு
படியால் இறங்கி, ரயர்களுக்குள் எங்கேயோ நின்றது.
யதுகுலன் போன் வெளிச்சத்தோடு கீழே போனான்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு இருட்டுக்குள்ளிருந்து கத்தினான்:
"பதினேழு!"

நாங்கள் ஒருவரும் காணவில்லை.
பதினேழு என்றே எழுதினேன்.