நாற்பத்திரண்டு இடம்

அட்டன், பேக்கரிக்கு மேல் மூன்றாம் மாடி.
சீனி பணிஸ் வாசம் படியேறி வரும் நேரம்
விக்னராஜாவின் குரல்பதிவு வந்தது.
பாதி காற்று, பாதி அம்புலன்ஸ்,
இரண்டுக்கும் நடுவே புகுந்து ஒரு பெண்:
"கணக்குப்பிள்ளைகிட்ட மூணு தடவ சொன்னோங்க,
சவுக்கு மரத்துல கூடு கெடக்குன்னு."

ஆறாம் நம்பர் மலை. எட்டுப் பேருக்குக் கொட்டு.
சந்தனமேரி, வயது ஐம்பத்தொன்று,
வைத்தியசாலைக்குப் போகும் வழியில்.

செய்தி எழுதப் பத்து நிமிடம்.
தலைப்புக்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

கைபேசித் திரையில் நாற்பத்திரண்டு இடம்.
மிஞ்சினால் மூன்று புள்ளி;
புள்ளிக்குப் பின்னால் என்னவென்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.
இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும்.
'ட்' என்றால் அதற்கு இரண்டு:
ட ஒன்று, தலையில் வைத்த புள்ளி ஒன்று.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று
மடுவத்தில் கழிப்பது போல
கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று,
சும்மா கிடக்கும் இடைவெளிக்கும் ஒன்று.

குளவி கொட்டிச் சந்தனமேரி மரணம்
என்றுதான் முதலில் போட்டேன்.
பிரதீபன் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னார்:
"யாரு இந்தச் சந்தனமேரி? யாரு தேடப் போறாங்க?
தேடுற சொல்லப் போடுங்க. பெண். தொழிலாளி.
முன்னால ஒரு அதிர்ச்சி."
கெட்டவர் இல்லை.
மாடி வாடகையும் இன்டர்நெட் பில்லும்
அவருடைய சட்டைப் பையில்தான் மடிந்து கிடக்கின்றன.

*அதிர்ச்சி: குளவி கொட்டி பெண் தொழிலாளி பலி!*

நாற்பத்திரண்டு. ஒற்றுக்கு இடமில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒன்பதாயிரம் பேர்.
கோடு சிங்கமலை மாதிரி ஏறியது.
அதிர்ச்சி யாருக்கு?
போன மாதமும் இதே சொல்லை எடுத்துப் போட்டேன், மண்சரிவுக்கு.
அதற்கு முன் சிறுத்தைக்கு.
மலையில் இருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி இல்லை,
எந்த மரம் என்று அவர்களுக்குத் தெரியும்.
கொட்டியது குளவி. இலக்கணம் சரி.
வழக்குப் போட முடியாத எழுவாய்.

இரவு பத்தரை. கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு
பனிக்குள் இறங்கியது.
தேடிய சொற்களின் பட்டியலை மூடப் போனேன்.
அடியில் ஒரு வரி: சந்தணமேரி குளவி.
குவைத்திலிருந்து, மூன்று தடவை
மூன்று சுழி ண போட்டு,
நாலாவதில் திருத்தி.
எங்கள் தலைப்பு அந்தக் கண்ணில் பட்டிருக்கிறது.
திறக்கவில்லை.
பெண் தொழிலாளி என்றால் யாராகவும் இருக்கலாம்,
அவளாக இல்லாமலும் இருக்கலாம்.
வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது அந்த விரல்.

நான் என் விரலை விட்டு எண்ணினேன்.
பெண் தொழிலாளி, பதின்மூன்று.
சந்தனமேரி, ஒன்பது.
நம்பாமல் திரும்ப எண்ணினேன்.
ஒன்பதுதான்.
இடமில்லை இடமில்லை என்று இத்தனை வருடம்
குறைந்ததை வெட்டிக் கூடியதை வைத்திருக்கிறேன்.

நான்கு மிச்சம்.
ஆச்சரியக்குறியைப் பிடுங்கினேன், ஐந்து.
அதிர்ச்சியை அதன் முக்காற்புள்ளியோடும்
பின்னால் வந்த இடைவெளியோடும் தூக்கினேன், பதினாறு.
குரல்பதிவை இன்னொரு தடவை கேட்டேன்.
காற்று. அம்புலன்ஸ். மூணு தடவ சொன்னோங்க.
அதற்குப் பதினான்கு போயிற்று.
மீந்த இரண்டில்
விட்டுப்போன ஒற்றை வைத்தேன்.

*அகற்றாத கூடு: குளவி கொட்டிச் சந்தனமேரி பலி*

நாற்பத்திரண்டு.
ஈரத்துக்கென்று கழிக்க இதில் ஒன்றுமில்லை.

காலையில் பிரதீபன் வந்ததும் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்.
பார்க்கட்டும்.
குவைத்தில் இப்போது எட்டரை மணி.