பிழை என்றால்தான் குரல்

இன்று மின்சாரம் இரவு ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
அதுவும் வாக்குத்தான்.
ஷ்வே பொந்தா தெருவில் ஜெனரேட்டர்கள்
ஒன்றையொன்று ஏசிக்கொண்டு ஓடுகின்றன.
எங்கள் பருப்புக் கம்பெனிக்கு டீசல் கட்டுப்படியாகாது.
படம் காட்டும் திரை பேட்டரியை உறிஞ்சிவிடும்,
எழுத்து மட்டும் என்றால் நாலு மணி நேரம் தாங்கும்.
இப்படித்தான் வந்து சேர்ந்தேன் இந்தக் கறுப்புத் திரைக்கு,
ஞானம் தேடி அல்ல.

"மவுஸ் எங்கேம்மா?" என்றார் மீரா முகைதீன் பாய்.
இதற்குத் தேவையில்லை என்றேன்.
"எலி இல்லேன்னா பூனைக்கு வேலையில்லை"
என்று சிரித்துக்கொண்டே போனார்.
பூனை இருக்கிறது பாய்.
கேட் என்று தட்டினால்
கோப்பு மொத்தத்தையும் கக்கிவிட்டுப் போகும்.

மேன் என்று தட்டினால் கையேடு.
பெயருக்கேற்ற ஆண்பிள்ளை,
ஒன்று கேட்டால் நூறு விளக்குவார்,
ஒரே ஒரு உதாரணம் கேட்டால்
எழுந்து போய்விடுவார்.

முதல் மாதம் முழுக்க வசவு.
அப்படி ஒரு கட்டளை இல்லை. அனுமதி இல்லை.
அப்படி ஒரு கோப்பு இல்லை.
பரவாயில்லை,
குடியுரிமை அலுவலக ஜன்னலைப் போல் இல்லாமல்
இது காரணமாவது சொல்கிறது.

பிறகு அந்த இடைவெளி.
'உளுந்து எஸ்க்யூ பழசு' என்றொரு அடைவை அழிக்கப் போனேன்,
மேற்கோள் குறி போடாமல்.
இடைவெளி கண்ட இடத்தில் வெட்டிக்கொள்ளும் புத்தி அதற்கு.
உளுந்து ஒன்று, எஸ்க்யூ ஒன்று, பழசு ஒன்று
என மூன்றாக எடுத்துக்கொண்டது.
உளுந்து என்ற பெயரில் இருந்தது
மார்ச் மாதக் கணக்கு.
நிச்சயமா என்று கேட்கவில்லை.
பொறுக்கி எடுக்க ஒரு குப்பைத்தொட்டியும் இல்லை.
திலாவா எடைமேடைச் சீட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு
மூன்று இரவு,
லாரி லாரியாக, மூட்டை மூட்டையாக
மார்ச்சை மறுபடி தட்டினேன்.
விரலெல்லாம் கார்பன் நீலம்.

எனக்கே இரண்டு பெயர்.
அட்டையில் தின் தின் மோ,
அர்ச்சனைத் தட்டில் அங்கயற்கண்ணி.
லிங்க் பற்றிப் படித்த இரவில்
தனியே சிரித்தேன்:
லிங்கை அழித்தால் ஒன்றும் ஆகாது,
கோப்பு இருந்த இடத்தில் இருக்கும்.
அடுத்த பத்தியைப் படித்தபோது சிரிப்பு நின்றது.
கோப்பு போய்விட்டால்
பெயர் மட்டும் சிவப்பில் மினுங்கிக்கொண்டிருக்கும்,
எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காமல்.

தம்பிக்கும் இரண்டு பெயர்.
மியாவதிப் பக்கம் போய்ப் பதினேழு நாள்.

இங்கே ஒழுங்காக முடிந்த வேலை
வாய் திறப்பதில்லை.
பிழை என்றால்தான் குரல்.
வெற்றிக்கு இலக்கம் பூஜ்யம்.
இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"சத்தம் இல்லேன்னா நல்லாயிருக்கான்னு
உன் பொட்டி சொல்லுதா?"
பதில் சொல்லாமல் ஆறு வரி எழுதினேன்:
நெட் வரும்வரை ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகத் தூங்கு.
வந்தால் அவன் பெயரில் அஞ்சல் உண்டா பார்,
இரண்டு பெயரிலும் பார்.
இல்லையென்றால் மறுபடி தூங்கு.
இருந்தால் மணி அடி.

அது பாட்டுக்கு ஓடுகிறது.
நான் அடுத்த திரையில்
சென்னை போகும் இருநூற்று நாற்பது டன்னுக்கு
ரசீது அடிக்கிறேன்,
ஒவ்வொரு பெயரின் இருபுறமும் குறி போட்டு.
கரண்ட் இருக்கும்போதே ஆகட்டும் என்று
அம்மா நாளைக்கான அரிசியைக் களைகிறாள்.

பன்னிரண்டு நாற்பது.
மணி சரியாக அடிக்குமா என்று சந்தேகம் வந்து
அந்த வரியை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

ஈரக் கையோடு ஓடி வந்தாள்.